ஆம்ப்ராஸ் கோட்டை: போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆஸ்திரியாவில் இன்ஸ்பிரக் பக்கம் போகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது இரண்டே கேள்விதான். ஆம்ப்ராஸ் கோட்டைக்கு நேரம் ஒதுக்கலாமா? ஒதுக்கினால் உள்ளே எதைப் பார்ப்பது? அதற்கு மேலும் வருகிற கேள்விகளைச் சேர்த்து எழுதியிருக்கிறேன். கட்டணம், நேரம் மாதிரி மாறக்கூடிய விஷயங்களைக் கிளம்பும் முன் கோட்டையின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஐரோப்பாவில் கோட்டைகளுக்கா பஞ்சம்? இதில் என்ன விசேஷம்?

பெரும்பாலான கோட்டைகளில் முதலில் அரசர் இருந்தார், அவர் போன பிறகு காலி அறைகளில் எங்கெங்கிருந்தோ சாமான்களைக் கொண்டுவந்து வைத்து மியூசியம் ஆக்கினார்கள். இங்கே கதை தலைகீழ். ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் குடும்பத்து இளவரசர் இரண்டாம் பெர்டினாண்ட் 16ஆம் நூற்றாண்டிலேயே, தான் சேர்த்த பொருள்களை வைப்பதற்கென்று கோட்டைக்குக் கீழே தனிக் கட்டடங்கள் எழுப்பினார். வந்த விருந்தாளிகளை அழைத்துப் போய்க் காட்டவும் செய்தார். உலகத்தின் மிகப் பழைய மியூசியம் என்று இதைச் சொல்வதுண்டு. அந்தப் பட்டத்துக்கு வேறு ஊர்க்காரர்களும் சண்டைக்கு வருவார்கள், அதை விட்டுவிடலாம். மறுமலர்ச்சிக் காலத்து 'அதிசய அறை' ஒன்று, அதாவது அபூர்வங்களையும் விசித்திரங்களையும் சேர்த்து வைக்கிற அறை, அது உருவான இடத்திலேயே நிற்பது இங்கேதான். போவதற்கு அந்த ஒரு காரணமே போதும்.

எப்படிப் போய்ச் சேருவது?

இன்ஸ்பிரக் வரை ரயில். மியூனிக்கிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள், வியன்னாவிலிருந்து நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதல். கோட்டை நகரத்துக்குத் தென்கிழக்கே ஒரு குன்றின்மேல் இருக்கிறது. சுற்றுலாப் பயணிகளுக்கான 'சைட்சீயர்' பேருந்து கோட்டைக்கே போகும். 6ஆம் எண் டிராம் காட்டுக்குள்ளே வளைந்து வளைந்து இக்ல்ஸ் கிராமம் வரை போகிறது, அதில் 'ஷ்லோஸ் ஆம்ப்ராஸ்' நிறுத்தத்தில் இறங்கி மரங்களுக்கு நடுவே கொஞ்சம் நடக்க வேண்டும். நேரம் இருந்தால் டிராம்தான் என் தேர்வு. ஆனால் அது அடிக்கடி வராது, திரும்பும் வண்டி எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது போகலாம்? டிக்கெட் எப்படி?

ஏப்ரல் முதல் அக்டோபர் வரை. காரணம், மேல்கோட்டையில் உள்ள ஓவியக்கூடம் குளிர்காலத்தில் மூடியிருக்கும். நவம்பரில் வழக்கமாக மொத்தக் கோட்டையும் மூடிவிடுகிறார்கள், அந்த மாதத்தில் இன்ஸ்பிரக் போகிறவர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். திறந்திருக்கும் நேரம் பொதுவாகக் காலை 10 முதல் மாலை 5 வரை. 19 வயதுக்குக் கீழே இருந்தால் நுழைவு இலவசம். 'இன்ஸ்பிரக் கார்டு' வாங்கினால் கோட்டை நுழைவும் அந்தச் சைட்சீயர் பேருந்தும் அதிலேயே அடங்கும், அதனால் ஒரே நாளில் கேபிள் கார், மியூசியம் என்று நாலைந்து இடம் சுற்றுகிறவர்களுக்கு அது லாபம், இந்தக் கோட்டை மட்டும் போதும் என்கிறவர்களுக்குத் தேவையில்லை.

எத்தனை மணி நேரம் ஒதுக்க வேண்டும்? எங்கே ஆரம்பிப்பது?

அரை நாள். ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிட்டோம் என்று சொல்கிறவர்கள் உண்டு, அவர்கள் நடந்திருக்கிறார்கள், பார்த்திருக்க மாட்டார்கள்.

கீழ்க்கோட்டையிலிருந்து ஆரம்பியுங்கள். கவச அறைகள், அதிசய அறை, அப்புறம் ஸ்பானிஷ் ஹால், கடைசியாக மேல்கோட்டை. மேலே இருநூறுக்கும் மேற்பட்ட முகங்கள் வரிசையாகக் காத்திருக்கின்றன, அங்கே முதலில் போனால் கண் களைத்துப்போய், கீழே உள்ள சின்னச் சின்னப் பொருள்களைக் குனிந்து பார்க்கிற பொறுமை போய்விடும். இங்கே சரக்கு முழுவதும் அந்தச் சின்னப் பொருள்களில்தான் இருக்கிறது.

யார் இந்த பெர்டினாண்ட்? காதல் கதை ஒன்று சொல்கிறார்களே?

1529இல் பிறந்தவர், பேரரசர் முதலாம் பெர்டினாண்டின் மகன். இளம் வயதில் அப்பாவின் பிரதிநிதியாக போஹீமியாவில் (இன்றைய செக் நாட்டில்) இருந்தபோது பிலிப்பீன் வெல்சர் என்ற பெண்ணை விரும்பினார். ஆக்ஸ்பர்க் நகரத்தின் பெரிய வணிகக் குடும்பம், பணத்துக்குக் குறைவில்லை, ஆனால் அரச ரத்தம் இல்லை. 1557இல் ரகசியமாகத் திருமணம் செய்துகொண்டார்கள். அப்பாவுக்குத் தெரிந்தபோது கொதித்தார், பிறகு ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார்: கல்யாணம் வெளியே தெரியக் கூடாது, பிறக்கிற பிள்ளைகளுக்கு அரச வாரிசுரிமை கிடையாது.

இந்த ரகசியத்தைக் காப்பாற்ற அவர்கள் செய்த காரியம்தான் விசித்திரம். குழந்தை பிறந்ததும் அதைக் கோட்டை வாசலில் கிடத்திவிட்டு, யாரோ போட்டுவிட்டுப் போன அநாதைக் குழந்தை என்று 'கண்டெடுத்து' வளர்த்தார்கள். பெற்ற தாயே தன் பிள்ளைக்கு வளர்ப்புத் தாயாக நடிக்க வேண்டியிருந்தது. 1564இல் இன்ஸ்பிரக்கைச் சுற்றியுள்ள டிரோல் நாடு பெர்டினாண்டின் கைக்கு வந்ததும், இந்த ஆம்ப்ராஸைப் பிலிப்பீன் பெயருக்கு எழுதி வைத்தார். பழைய இடைக்காலக் கோட்டையை இடித்துத் திருத்தி இன்றைக்கு நாம் பார்க்கிற வடிவத்துக்குக் கொண்டுவந்தது அதற்குப் பிறகுதான். கல்யாணத்தை வெளியில் சொல்லலாம் என்று போப்பிடமிருந்து அனுமதி வந்தபோது வருஷம் 1576. அடுத்த நாலு வருஷத்தில் பிலிப்பீன் இறந்துபோனார்.

குளியலறையில் வைத்து அவரைக் கொன்றார்கள் என்பது உண்மையா?

இல்லை. நரம்பை அறுத்துத் தொட்டியில் சாகவிட்டார்கள் என்பது பிற்காலத்தில் கிளப்பிய கதை. நோய்வாய்ப்பட்டுத்தான் 1580இல் இதே கோட்டையில் இறந்தார். அவர் சிவப்பு ஒயின் குடித்தால் தொண்டையில் இறங்குவது வெளியே தெரியும், அவ்வளவு மெல்லிய சருமம் என்றும் ஒரு கதை உண்டு. இரண்டையும் வழிகாட்டிகள் சொல்வார்கள், கேட்டு ரசித்துக்கொள்ளலாம்.

குளியலறையை மட்டும் தவறவிடாதீர்கள். மேல்கோட்டையின் தரைத்தளத்தில் இருக்கிறது. தரைக்குள் இறக்கிய தொட்டி, ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழம், உள்ளே வெள்ளீயம் பூசிய செப்புத் தகடு. மூலிகை போட்ட வெந்நீரில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பது அன்றைக்கு ஒரு வைத்தியம், கூட நாலு பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கவும் இடம் இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டுக் குளியலறை இவ்வளவு முழுசாக மிஞ்சியிருப்பது அபூர்வம். பிலிப்பீனுக்கு மூலிகை மருந்திலும் சமையலிலும் ஈடுபாடு இருந்தது, அவருடைய சமையல் குறிப்புப் புத்தகம் ஆம்ப்ராஸ் சேகரிப்பில் இன்னும் இருக்கிறது.

அதிசய அறை, அதிசய அறை என்கிறார்களே, உள்ளே என்னதான் இருக்கிறது?

சுருக்கமாகச் சொல்ல முடியாத கேள்வி இது. உலகத்தில் என்னென்ன உண்டோ அதில் ஒவ்வொரு மாதிரி இங்கே இருக்க வேண்டும் என்பதுதான் அந்தக் காலத்துச் சேகரிப்பாளர்களின் ஆசை. கடவுள் செய்தது, மனிதன் செய்தது, இரண்டும் கலந்தது, எல்லாம். பெர்டினாண்ட் இவற்றை நாடு வாரியாகவோ காலம் வாரியாகவோ பிரிக்கவில்லை. எதனால் செய்தது என்று பார்த்துப் பிரித்தார். தங்கம் ஒரு பெட்டகம், வெள்ளி ஒன்று, கண்ணாடி ஒன்று, பவளம் ஒன்று, மரம், எலும்பு, இறகு என்று கூரை உயரத்துக்குப் பெட்டகங்கள். தங்கத்துக்குப் பின்னால் நீல வண்ணம், வெள்ளிக்குப் பின்னால் பச்சை வண்ணம் அடித்து, பொருள் எடுப்பாகத் தெரிய ஏற்பாடு செய்திருந்தார்கள். அவர் இறந்த மறுவருஷம், 1596இல், எழுதிய சொத்துப் பட்டியல் ஒன்று கிடைத்திருப்பதால் இதெல்லாம் நமக்குத் தெரிகிறது. இன்றைய அமைப்பும் அந்தப் பட்டியலைப் பின்பற்றித்தான்.

பவளப் பெட்டகத்துக்கு முன்னால் கொஞ்சம் நில்லுங்கள். கடலிலிருந்து வந்த செம்பவளக் கிளைகளைச் செதுக்கி சிலுவைப்பாடு, மலைகள், கடல் விலங்குகள் என்று குட்டி உலகங்கள் செய்திருக்கிறார்கள். எது இயற்கையாக வளைந்த கிளை, எது உளி பட்டது என்று சட்டென்று சொல்ல முடியாது. பக்கத்தில் கொஞ்சம் தேடினால் ஆமை, பாம்பு எல்லாம் நிறைந்த சின்னப் பெட்டி ஒன்று இருக்கும். அதைக் கையில் எடுத்து அசைத்தால் உள்ளே இருக்கும் பிராணிகளின் தலையும் காலும் நடுங்கும். இப்போது கண்ணாடிக்குள் இருப்பதால் நம்மால் அசைக்க முடியாது. அன்றைக்கு விருந்தாளி கையில் கொடுத்திருப்பார்கள், அவர் பயந்து கையை உதறியதைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

அப்புறம் ஒரு மரத்துண்டு. மானின் கொம்பைச் சுற்றி மரம் வளர்ந்து, கொம்பை அப்படியே விழுங்கிவிட்டது. யாரும் செய்யவில்லை, தானாக நடந்தது. அதன் அருகிலேயே மனிதக் கைவேலையின் உச்சம் ஒன்று: 1520 வாக்கில் ஹான்ஸ் லைன்பெர்கர் செய்ததாகச் சொல்லப்படும் மரணத்தின் உருவம். பேரிக்காய் மரத்தில் செதுக்கிய எலும்புக்கூடு, எலும்பில் ஒட்டிய தோல் கந்தலாகத் தொங்குகிறது, கையில் வில். ஒரு சாண் உயரம்தான், பார்க்கிறவர் குனிந்துதான் ஆக வேண்டும்.

இரும்பு நாற்காலி ஒன்று இருக்கிறது, அதைக் கேட்காமல் வரக் கூடாது. விருந்தாளி உட்கார்ந்ததும் கம்பிகள் பாய்ந்து அவரைப் பிடித்துக்கொள்ளும். பெரிய பாத்திரம் நிறைய ஒயினை ஒரே மூச்சில் குடித்து முடித்தால்தான் விடுதலை. குடித்தவர்கள் அதற்கென்று வைத்திருந்த புத்தகத்தில் பெயர் எழுத வேண்டும். 1567இல் தொடங்கிய அந்தப் புத்தகங்கள் இன்னும் இருக்கின்றன, பெரிய பெரிய பிரபுக்களின் கையெழுத்து அதில் எந்த லட்சணத்தில் இருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். இந்தக் கூத்தெல்லாம் நடந்த குகை வெளியே பூங்காவில் இருக்கிறது, நடந்துபோய்ப் பார்க்கலாம்.

உடல் முழுக்க முடி உள்ள மனிதரின் படம் இங்கேதான் இருக்கிறதா?

ஆமாம். பெத்ருஸ் கோன்சால்வுஸ். கேனரித் தீவுகளில் ஒன்றான தெனெரிஃபில் பிறந்தவர், சிறுவனாக இருக்கும்போதே பிரெஞ்சு அரசர் இரண்டாம் ஹென்றியின் அரண்மனைக்குக் கொண்டுபோகப்பட்டார், அங்கே லத்தீன் படித்து, அரசவை உடை உடுத்தி வளர்ந்தார். அவர், அவர் மனைவி, அதே போல முடியோடு பிறந்த இரண்டு பிள்ளைகள் என்று படங்கள் இருக்கின்றன. மருத்துவத்தில் இந்தப் பிறவி நிலையின் ஒரு வகைக்கு 'ஆம்ப்ராஸ் சிண்ட்ரோம்' என்று பெயர் வந்தது இந்தப் படங்களால்தான்.

மனிதர்களை இப்படிக் காட்சிப்பொருளாக வைத்துப் பார்ப்பது சங்கடமாக இல்லையா?

இருக்கும், இருக்கத்தான் வேண்டும். எனக்கு அது அதிகமாக உறைத்தது கோன்சால்வுஸ் படத்தில் இல்லை. ஊனமுற்ற ஒரு மனிதரின் ஓவியம் இருக்கிறது. மெலிந்து சூம்பிய உடம்பு, ஆடை கிடையாது, பச்சை நிற மேசைமேல் குப்புறப் படுத்திருக்கிறார், கழுத்தில் பெரிய மனிதர்கள் அணிகிற மடிப்புக் கழுத்துப்பட்டை, தலையில் சிவப்புத் தொப்பி. முகம் நேரே நம்மைப் பார்க்கிறது. ஒரு காலத்தில் உடம்பின்மேல் சிவப்புத் தாள் ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள், பார்க்கிறவர்கள் தாளைத் தூக்கிப் பார்க்க வேண்டும். அந்தத் தாளைத் தூக்கிய கைகளை நினைத்தால் கூசுகிறது. இதே படத்தை வைத்து இன்ஸ்பிரக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மாற்றுத்திறனாளிகளோடு சேர்ந்து ஓர் ஆய்வே நடத்தினார்கள். யார் யாரைப் பார்க்கிறார்கள் என்பதுதான் அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி. படத்தை எடுத்து மூலையில் ஒளித்து வைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

டிராகுலா படம்?

அதுவும் உண்டு. டிராகுலா என்று அழைக்கப்பட்டவர் வாலாகியா நாட்டு (இன்றைய ருமேனியாவின் ஒரு பகுதி) ஆட்சியாளர் மூன்றாம் விளாட், கழுவேற்றுவதில் பெயர் வாங்கியவர். அவர் இருந்தபோது வரைந்த படம் தொலைந்துவிட்டது, இது 16ஆம் நூற்றாண்டில் அதைப் பார்த்து வரைந்த பிரதி. நீண்ட மீசை, முத்து வைத்த சிவப்புத் தொப்பி. புத்தகங்களில் நீங்கள் பார்த்த படம் இதுதான், நேரில் பார்த்தால் சின்னதாக இருக்கிறதே என்று தோன்றும்.

அதைவிட அதே அறையில் இருக்கிற கிரகோர் பாச்சி என்ற ஹங்கேரியப் பிரபுவின் படத்தைப் பாருங்கள். ஈட்டி ஒன்று வலது கண்ணில் புகுந்து தலைக்குப் பின்னால் வெளியே வந்திருக்கிறது, அதோடு அவர் உயிர் வாழ்ந்தார் என்று சொல்லி வரைந்திருக்கிறார்கள். புளுகு என்றுதான் தோன்றும். ஆனால் தலையில் இரும்புக் கம்பி பாய்ந்தும் பிழைத்த இந்தக் காலத்து நோயாளி ஒருவரை ஒப்பிட்டு, இது நடந்திருக்கக்கூடியதுதான் என்று டாக்டர்கள் மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள்.

கவசங்களில் எனக்கு ஆர்வமே இல்லை. தாண்டிப் போய்விடலாமா?

வேகமாகப் போகலாம், ஆனால் ஒரு கவசத்துக்கு முன்னால் நிற்க வேண்டும். பார்ட்ல்மே போன் என்ற ராட்சத உருவம் கொண்ட மனிதருக்குச் செய்தது, ஏறக்குறைய 2.40 மீட்டர் உயரம். அவர் கற்பனை இல்லை, 1560இல் வியன்னாவில் நடந்த போர் விளையாட்டில் கலந்துகொண்டவர்.

இந்தச் சேகரிப்புக்குப் பின்னால் ஒரு பைத்தியக்காரத்தனம் உண்டு, எனக்கு அது பிடிக்கும். கவசம் அழகாக இருக்க வேண்டும் என்பது பெர்டினாண்டுக்கு இரண்டாம் பட்சம், புகழ்பெற்ற தளபதி ஒருவர் உண்மையிலேயே அணிந்ததாக இருக்க வேண்டும். அதற்காக ஐரோப்பா முழுக்கக் கடிதம் எழுதிக் கேட்டார், அந்த மனிதரின் படத்தையும் வாழ்க்கைக் குறிப்பையும் சேர்த்துக் கேட்டார். இதைப் பார்த்துக்கொண்டவர் அவருடைய செயலர் யாகோப் ஷ்ரெங்க். எல்லாவற்றையும் படங்களோடு 1601இல் லத்தீனில் அச்சிட்டார்கள். அச்சில் வந்த முதல் மியூசியம் கேட்டலாக் என்று அதைச் சொல்வார்கள். பெர்டினாண்ட் அதைப் பார்க்க இல்லை, 1595இலேயே போய்விட்டார்.

செல்லினியின் தங்க உப்புக்கிண்ணம், மெக்சிகோ இறகுக் கிரீடம் எல்லாம் ஆம்ப்ராஸில் என்று படித்தேனே?

இருந்தது. இப்போது இல்லை. இதை நம்பிப் போய் ஏமாந்து வருகிறவர்கள் நிறையப் பேர்.

உப்புக்கிண்ணம் வந்த கதை இது. 1570இல் பிரெஞ்சு அரசர் ஒன்பதாம் சார்ல்ஸுக்கும் பெர்டினாண்டின் அண்ணன் மகள் எலிசபெத்துக்கும் கல்யாணம். மாப்பிள்ளை வரவில்லை, அவருக்குப் பதிலாளாக மணவறையில் நின்றவர் சித்தப்பா பெர்டினாண்ட். நன்றிக்கடனாகப் பிரெஞ்சு அரசர் கொடுத்த பரிசுகளில் ஒன்று இத்தாலியப் பொற்கொல்லர் செல்லினி செய்த தங்க உப்புக்கிண்ணம். மெக்சிகோவின் அஸ்டெக் மக்களுடைய இறகுக் கிரீடமோ 1596 பட்டியலில் 'மூர்களின் (வட ஆப்பிரிக்க முஸ்லிம்களின்) தொப்பி' என்று பதிவாகியிருக்கிறது, எங்கிருந்து வந்தது என்று எழுதியவருக்கே பிடிபடவில்லை.

பெர்டினாண்ட் இறந்த பத்து வருஷத்தில் அவர் மகன் கார்ல், கோட்டையையும் சேகரிப்பையும் பேரரசர் இரண்டாம் ருடால்ஃபுக்கு விற்றுவிட்டார். அப்புறம் நெப்போலியன் காலத்தில் டிரோல் பவேரியாவின் கைக்குப் போனபோது, 1806இல் முக்கியமான பொருள்களை மூட்டை கட்டி வியன்னாவுக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வரவில்லை. உப்புக்கிண்ணம் வியன்னா கலை வரலாற்று மியூசியத்தில் இருக்கிறது. 2003இல் அங்கிருந்து திருடுபோய், 2006இல் காட்டில் புதைத்து வைத்த பெட்டியிலிருந்து மீட்டது பத்திரிகைகளில் வந்த செய்தி. இறகுக் கிரீடம் வியன்னாவின் உலக மியூசியத்தில் இருக்கிறது, அதைத் திருப்பிக் கொடு என்று மெக்சிகோ பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

அப்படியானால் வியன்னாவில் பார்த்தால் போதாதா?

தனித்தனிப் பொருள் என்று எடுத்தால் வியன்னாதான் பணக்காரர், மறுப்பதற்கில்லை. ஆனால் அங்கே தங்கத்தைப் பார்ப்பீர்கள், இங்கே ஒரு மனிதரின் மண்டைக்குள் போய்வருவீர்கள். விலையுயர்ந்தது போய்விட்டதால், வியன்னாக்காரர்கள் அவ்வளவாகச் சட்டை செய்யாத விசித்திரங்கள் இங்கேயே தங்கிவிட்டன, எனக்கென்னவோ அது நல்லதாகப் போயிற்று என்றுதான் படுகிறது. இரண்டுக்கும் போக முடிந்தால் ஆம்ப்ராஸ் முதலில். எந்த அலமாரியிலிருந்து எது போனது என்று தெரிந்த பிறகு வியன்னாவில் அந்தக் கிண்ணத்தைப் பார்ப்பது வேறு அனுபவம்.

ஸ்பானிஷ் ஹால்?

1569க்கும் 1572க்கும் நடுவே கட்டியது, 43 மீட்டர் நீளம். சுவர்களில் டிரோலை ஆண்ட 27 பேரின் முழு உருவங்கள், மேலே மரச் சட்டங்களால் பின்னிய கூரை. ஜன்னல் வெளிச்சம் நன்றாக விழுகிற வேளையில் போங்கள். கோடையில் இங்கே பழைய இசைக் கச்சேரிகள் நடக்கும், தேதி ஒத்துவந்தால் டிக்கெட் எடுத்துவிடுங்கள், கூட்டமில்லாத மண்டபத்தை விட இசை நிறைந்த மண்டபம் அழகு.

மேல்கோட்டை ஓவியக்கூடத்தில் எல்லாப் படமும் ஒரே மாதிரி இருக்கிறதே?

ஒரே குடும்பம், வேறெப்படி இருக்கும்! ஹாப்ஸ்பர்க்காரர்களின் முன்தள்ளிய தாடையைத் தலைமுறை தலைமுறையாகத் தேடிக்கொண்டே போனால் நேரம் போவதே தெரியாது. கிரானாக், டிஷியன், வெலாஸ்கெஸ் மாதிரிப் பெரிய கைகளின் படங்களும் இடையே உண்டு. குழந்தைகளின் படங்களை நிதானமாகப் பாருங்கள், பெரியவர்களின் உடையை அப்படியே சின்னதாக்கி மாட்டிவிட்டிருப்பார்கள், இவற்றில் பல, கல்யாணம் பேசுவதற்காக வேற்று நாட்டு அரண்மனைகளுக்கு அனுப்பிய வகையைச் சேர்ந்தவை. அத்தனையையும் பார்த்துத்தான் ஆக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. நடுமுற்றத்துச் சுவர் முழுக்கக் கறுப்பு வெள்ளையில் வரைந்த ஓவியங்களுக்குக் கொஞ்ச நேரம் மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள்.

குழந்தைகளோடு போகலாமா? வயதானவர்கள்?

குழந்தைகளுக்கு இதைவிடப் பொருத்தமான மியூசியம் சிரமம். ராட்சதக் கவசம், பிடித்துக்கொள்ளும் நாற்காலி, வெளியே பூங்காவில் மயில்கள். ஈட்டிக் கண்ணர் படத்தை மட்டும் சின்னக் குழந்தைகளிடமிருந்து கொஞ்சம் தள்ளி வையுங்கள். முட்டி வலி உள்ளவர்களுக்கு மேல்கோட்டை சிரமம், ஏற்றமும் படிகளும் உண்டு. சக்கர நாற்காலி தேவைப்பட்டால் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. பூங்காவுக்குத் தனிக் கட்டணம் கிடையாது, அதனால் வீட்டுப் பெரியவர்கள் மரத்தடியில் உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் உள்ளே போய்வரலாம்.

படம் எடுக்கலாமா?

பிளாஷ் இல்லாமல், சொந்த உபயோகத்துக்கு. அதிசய அறையில் வெளிச்சம் குறைவு, கண்ணாடியில் உங்கள் முகம்தான் விழும்.

முடித்துவிட்டு அதே நாளில் வேறு எங்கே போகலாம்?

நகரத்துக்குத் திரும்பி ஹோஃப்கிர்ஷ தேவாலயம். எல்லோரும் அங்கே போவது பேரரசர் முதலாம் மாக்சிமிலியன் கல்லறையைச் சுற்றி நிற்கிற 28 வெண்கலச் சிலைகளுக்காக, அவர் உடல் அங்கே இல்லை என்பது வேறு கதை. நீங்கள் படியேறி வெள்ளிச் சிற்றாலயத்துக்குப் போங்கள். பெர்டினாண்டும் பிலிப்பீனும் அங்கேதான் அடக்கம், சுவரில் உயரத்தில் பெர்டினாண்டின் கவசத்தைப் பீடத்தைப் பார்த்து மண்டியிட்டபடி வைத்திருக்கிறார்கள். இதற்கு ஆம்ப்ராஸ் டிக்கெட் செல்லாது, தனியாக எடுக்க வேண்டும். பக்கத்திலேயே டிரோல் நாட்டுப்புறக் கலை மியூசியம் இருக்கிறது, கால் தாங்கினால் அதையும் பார்த்துவிடலாம்.